பதினான்கு நொடி

கண்ணால் காண்பதும் பொய்
காதால் கேட்பதும் பொய் என்றால்
எங்களுக்குச் சோறு போட்டவை
அந்த இரண்டு பொய்களும்தான்.

ஹில்லெவி இயக்குநர். நான் ஒலிக்காரன்.
வருடத்தில் ஐந்து மாதம்
கடல் தரையாகிவிடும் கெமி நகரத்தில்
ஒரே நாடகத்தை மூன்று முறை செய்தோம்.

கதை இவ்வளவுதான்:
உறைந்த கடல்மேல் மீன் பிடிக்கப் போனவன் திரும்பவில்லை.
செய்தி கொண்டுவந்தவன்
வாசலில் தொப்பியைக் கழற்றுகிறான்.
அவள் கையிலிருக்கும் கோப்பையை மேசைமேல் வைக்கிறாள்.

மேடையில்,
கோட்டை மடியில் சுருட்டிக்கொண்டு
கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்கும்
அந்தக் கோப்பை தெரிய வேண்டும்.
‘முதுகால் வை’ என்றாள் ஹில்லெவி.
ஸாய்மி முதுகால் வைத்தாள்.
தோள் முதலில் இறங்கியது, கோப்பை பிறகு.
முந்நூறு பேர் உள்ளே இழுத்த மூச்சை
வெளியே விட மறந்துபோனார்கள்.

படம் எடுத்தபோது
முதுகு வேண்டாம் என்றாள். தோளும் வேண்டாம்.
சுண்டுவிரல் மட்டும் போய்
தொட்டுப் பார்த்துவிட்டு வரட்டும்,
மேசை இன்னும் அங்கேதான் இருக்கிறதா என்று.
பதினேழு டேக்.
பதினேழாவது முடிந்தும் டௌனோ
கேமராவை நிறுத்த மறந்துவிட்டான்.
ஸாய்மி அலுத்துப்போய்
ஆறின காபியைக் குடித்துக் கோப்பையை வைத்தாள்.
அதைத்தான் படத்தில் சேர்த்தாள் ஹில்லெவி.
ஸாய்மி ஒரு மாதம் அவளோடு பேசவில்லை.

அப்புறம் வானொலி.
முதுகும் கிடையாது, விரலும் கிடையாது.
பனியில் நடக்கும் சத்தத்துக்காக
வெளியே போய் நிஜப் பனியைப் பதிந்து வந்தேன்.
யாரோ ரஸ்க் கடிப்பதுபோல் இருந்தது.
உருளைக்கிழங்கு மாவைத் தோல்பையில் கட்டிப் பிசைந்தேன்.
‘வந்துவிட்டான்’ என்றாள்
கண்ணை மூடிக்கொண்டே.
தொப்பிக்கு என் பழைய கையுறை.
கோப்பைக்கு மட்டும் கோப்பையேதான்,
அடியில் ஓர் ஈரத்துணி.

அதன்பின் பதினான்கு நொடி மௌனம் கேட்டாள்.

முடியாது என்றேன்.
நிலையத்தில் ஒரு பெட்டி இருக்கிறது.
பத்து நொடி எதுவும் கேட்காவிட்டால்
நிலையமே செத்துவிட்டதென்று எண்ணி
தானாக ஓர் அக்கார்டியன் வால்ட்ஸைப் போட்டுவிடும்.
எட்டு நொடி வைத்துக்கொள்ளேன்.
‘எட்டு நொடியில்
எந்தப் பெண்ணும் விதவையாகிவிட மாட்டாள்.’
சரி, கடிகாரம் வைக்கிறேன். காற்று வைக்கிறேன்.
குளிர்பதனப் பெட்டி முனகட்டும்.
‘அதெல்லாம் மௌனம் இல்லை,
மௌனத்தைப் பற்றிய வதந்தி.’

ராத்திரி இரண்டு மணிக்கு
அலமாரியில் ஒரு நாடா கிடைத்தது.
ஒன்பதாவது காட்சி. விளக்குப் பாலத்திலிருந்து
எதற்கோ பதிந்து வைத்தது.
கோப்பை. பிறகு அந்த முந்நூறு பேர்.
ஒன்பதாம் நொடியில் இடப்பக்கம் எங்கோ
ஒருவர் இருமுகிறார்,
உள்ளங்கைக்குள், மன்னிப்புக் கேட்பதுபோல.
மறுபடி ஒன்றுமில்லை.
அன்றைக்கு அந்த இருமலுக்காக
திரைக்குப் பின்னால் சுவரைக் குத்தினாள் ஹில்லெவி.
கைக்குக் கட்டுப் போட்டவன் நான்.

ஒலிபரப்பை அவள் வீட்டில் கேட்பதில்லை.
பல்பொருள் அங்காடியின் கார் நிறுத்தம்,
அணைத்த எஞ்சின், ஆவி படர்ந்த கண்ணாடி.
கோப்பை வைத்தாயிற்று.
நான் விரல்விட்டு எண்ணினேன்.
ஏழு.
எட்டு.
பக்கத்துக் காரிலும் ஒருவர்
சாவியைத் திருகாமல் உட்கார்ந்திருந்தார்.
இதைத்தான் கேட்டாரா
மனைவி வரட்டுமென்று இருந்தாரா, தெரியாது.

இருமல்.

எங்கோ ஓர் அறையில் அந்தப் பெட்டி
ஆள் இருக்கிறது என்று நம்பி
முதலிலிருந்து எண்ணத் தொடங்கியிருக்கும்.
வால்ட்ஸ் வரவில்லை.

பெயர்களை வாசித்தார்கள். என் பெயரைத் தப்பாக.
ஹில்லெவி கையுறையால் கண்ணாடியைத் துடைத்தாள்.
வெகுநேரம் கழித்துச் சொன்னாள்:
‘அந்த ஆள்
அரை நொடி முந்திவிட்டார்.’